முதுகுப் பக்கம்

என் கை நடுங்காது, மிஸ். பெருமைக்குச் சொல்லவில்லை. சிலருக்குப் படுத்தவுடன் நித்திரை வரும். எனக்கு இரத்தத்தைக் கண்டால் கை அமைதியாகிவிடும். பத்தொன்பது வருடம் பார்த்த வேலைக்கு அது வசதியாக இருந்தது. நான் மெதுவாகவே சொல்கிறேன். என் வாக்குமூலத்தை எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம்.

பெயர் ஜக்சன். பொலிஸ் சார்ஜன். வீடு ஓர்ஸ் ஹில்லில். சுற்றிவளைப்புக்குப் போகும் அணியோடு நானும் போவேன். மற்றவர்களுக்குத் துவக்கு, எனக்கு மருந்துப் பை. யாருக்காவது வெடி பட்டால் ஆஸ்பத்திரி வாசல் வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பது என் பொறுப்பு. இந்த மாவட்டத்தில் முந்நூறு பொலிஸ்காரருக்காவது அதைப் பாடமாக எடுத்திருக்கிறேன். முன்னால் ஒரு காயத்தைக் கண்டால் அதோடு நின்றுவிடாதே, ஆளைப் புரட்டி முதுகைப் பார் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். குண்டு உள்ளே போன இடம் சின்னதாக இருக்கும். வெளியேறிய இடத்தால்தான் ஆள் செத்துப்போவான்.

ஸப்வான் எங்கள் அணியின் சாரதி, கிண்ணியாக்காரர். பதினொரு வருடம் ஒரே வாகனத்தில் திரிந்தோம். பெருநாளைக்கு அவர் வீட்டுச் சாப்பாடு எனக்கு வரும். நத்தாருக்கு என் வீட்டுக் கேக் அங்கே போகும். கடந்த மாசியில் மூதூருக்கு அப்பால் ஒரு கரையில் கஞ்சாப் படகொன்றை மறித்தோம். பின்னேரம் நாலு மணி இருக்கும். படகில் வந்த மூன்று பேரின் கையைக் கட்டி மணலில் குப்புறப் படுக்கவைத்தோம். நாலாவது ஆள் கண்டல் பற்றைக்குள் இருந்து துவக்கால் ஒரு வெடி வைத்துவிட்டு ஓடினான். அது ஸப்வானுக்கு நெஞ்சில் பட்டது. அணி முழுவதும் அவனைத் துரத்திப் போனது. ஸப்வானோடு நான் இருந்தேன்.

நெஞ்சுக் காயத்தை மூடினேன். நன்றாகவே மூடினேன், பிறகு பார்த்த டொக்டரும் அதைச் சொன்னார். ஆனால் புரட்டிப் பார்க்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். மணல் இரத்தத்தைக் குடித்துவிடும், மிஸ். மேலே ஒன்றும் தெரியாது.

மூன்று முழத் தூரத்தில் கட்டிக் கிடந்தவர்களில் ஒருவன் தலையை நிமிர்த்தி, "முதுகைப் பாருங்கோ, முதுகால போகுது" என்று கத்தினான். நீங்கள் கேட்கும் இன்பாஸ் அவன்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று என் முதல் வாக்குமூலத்தில் இருக்கிறது. அது சரியல்ல, திருத்திக்கொள்ளுங்கள். கேட்டது. கஞ்சாப் படகில் வந்தவன் எனக்குப் பாடம் சொல்லுவதா என்று நினைத்தேன். அவன் இரண்டாம் தரமும் கத்தியபோது வாயை மூடச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் ஸப்வான் போய்விட்டார்.

முதுகையும் பார்த்தேன், துணி அடைத்தேன் என்று அறிக்கை எழுதினேன். போகும் வழியில் கழன்றிருக்கும் என்று மற்றவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். எனக்குப் பாராட்டுக் கடிதம் தந்தார்கள். நான் கேட்டு வாங்கவில்லை.

ஸப்வானின் மனைவி நஜ்முன் நிஸா கணவன் இறந்த பின் பெண் திரைமறைவில் இருக்கும் இத்தாவில் இருந்தார். நாற்பதாம் நாள் கழிந்த பிறகு நான் திரும்பவும் போனேன். அவர் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார், அவருடைய தம்பி இந்தப் பக்கம் என்னோடு இருந்தார். போகும்போதெல்லாம் நஜ்முன் நிஸா ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: கடைசியில் ஸப்வானுக்கு நொந்ததா என்று. நோகவில்லை, செய்யக்கூடிய எல்லாம் செய்தேன் என்று சொல்வேன். அன்றைக்கும் சொன்னேன். பிறகு அவர் சொன்னார், அன்று பக்கத்தில் கட்டிக் கிடந்த ஒரு பொடியன் பிணையில் வந்து இலங்கைத்துறையில் மீனவர் தங்கும் வாடி ஒன்றில் நிற்கிறானாம், தொலைபேசியில் கதைத்தானாம், வெள்ளிக்கிழமை நேரில் வருகிறானாம்.

"நீங்களும் வாங்க ஜக்சன் அண்ணன். ஒண்டாயிருந்து கேப்பம்" என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அது திங்கட்கிழமை.

நான் யோசித்தது இதுதான். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். புருசன் விதியால் போனார் என்று மனதை ஆற்றிக்கொண்டு இருக்கிறார். ஒரு கடத்தல்காரன் வந்து, இல்லை, அவர் பிழைத்திருப்பார், இந்த மனிதன் புரட்டிப் பார்க்காததால் செத்தார் என்று சொன்னால் அந்தக் குடும்பம் என்னத்துக்கு ஆகும்? என்னைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பொறுப்பதிகாரியிடம் போனேன். ஸப்வானைச் சுட்டவன் இலங்கைத்துறையில் ஒரு வாடியில் ஒளித்திருக்கிறான், அவனோடு இன்னொருவனும் இருக்கிறான், இருவரிடமும் துவக்கு இருக்கிறது, நம்பிக்கையான ஆள் சொன்னது என்றேன். என் சொல்லை அவர் ஒரு நாளும் சந்தேகித்ததில்லை. சந்தேகிக்க நான் இடம் வைத்ததும் இல்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய் இறங்கினோம். துவக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் எப்படிப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். விரல் விசையில்தான் இருக்கும். இன்பாஸ் வாடிக்குள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். ஆள் அரவம் கேட்டுச் சட்டென்று எழும்பினான். முதலில் உள்ளே போன கான்ஸ்டபிள் அர்ஷாக் சுட்டார். தொடையின் உள்பக்கம் பட்டது. மற்றவர்கள் அந்த இரண்டாவது ஆளைத் தேடிக் களப்புப் பக்கம் ஓடினார்கள்.

அந்த இடத்தில் பட்டால் இரத்தம் துள்ளித் துள்ளி வரும். மூன்று நாலு நிமிடம்தான். தொடையை இறுக்கும் பட்டி ஒன்றைக் கட்டினால் நின்றுவிடும். எனக்கு இருபது விநாடி போதும். பையில் நாலு பட்டி இருந்தது.

அர்ஷாக் என்னைவிட மூத்தவர், என் வகுப்புக்கு இரண்டு தரம் வந்தவர். துவக்கைக் கீழே போட்டுவிட்டு முழந்தாளில் இருந்து இரண்டு கையாலும் காயத்தை அழுத்தினார். உள்ளே இன்னொருவன் துவக்கோடு இருக்கலாம், இடம் பாதுகாப்பில்லை, வெளியே வா என்றேன். அது விதி, மிஸ். ஆபத்துத் தீரும் வரை காயக்காரனிடம் போகக்கூடாது. புத்தகத்தில் இருக்கிறது, பாருங்கள். அந்த இன்னொருவனை நான்தான் உண்டாக்கினேன் என்பது வேறு விசயம்.

"சார்ஜன், பட்டியத் தாங்க, நான் கட்டுறன்" என்றார் அர்ஷாக்.

பையை மார்போடு பிடித்துக்கொண்டேன். திரும்பவும் கேட்டார். நான் அவருடைய கொலரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். அவர் பெரிய உடம்புக்காரர் இல்லை.

அப்போது இன்பாஸ் என்னை அடையாளம் கண்டான். அழவில்லை, திட்டவில்லை. "அண்ணை, கட்டுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றான்.

அர்ஷாக்குக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சொல்லமாட்டேன் என்பவனிடம் சொல்ல ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதுவரை எனக்குக் கொஞ்சம் யோசனை இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

அவன் அடங்கிய பின் உள்ளே போனேன். பட்டியை ஒழுங்காகக் கட்டினேன். கட்டிய நேரத்தை அதன்மேல் எழுதினேன், நாலு நிமிடம் முன்னதாக. பிறகு புரட்டி முதுகையும் பார்த்தேன். அங்கே காயம் ஒன்றும் இல்லை.

அர்ஷாக் அன்று பின்னேரமே துவக்கை ஒப்படைத்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறார். வரட்டும். சுட்டது அவருடைய கை. என் கையால் ஒருவரும் சாகவில்லை. அந்த ஆளுக்கு எழுத்தும் ஒழுங்காக வராது, நான் சொல்லிக் கொடுத்துத்தான் பரீட்சை பாஸ் பண்ணினார். இப்போது எனக்கு எதிராக ஆறு பக்கம் எழுதியிருக்கிறார்.

ஆம், கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இன்பாஸை நான் கொன்றேன். கொல்லத்தான் அணியைக் கூட்டிப் போனேன். அந்தப் பெண்ணின் நிம்மதிக்காகச் செய்தேன். ஸப்வான் இருந்தால் இதை விளங்கிக்கொள்வார்.

இது என்ன, நஜ்முன் நிஸாவின் வாக்குமூலமா? தாருங்கள், நானே வாசிக்கிறேன்.

இன்பாஸ் முதல் அழைப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று இருக்கிறது. முதுகு, மணல், அவன் கத்தியது, நான் வாயை மூடச் சொன்னது. நான் போய்த் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "ஜக்சன் அண்ணன் தானாச் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பன்" என்று கையொப்பம் வைத்திருக்கிறார்.

அப்படியென்றால், தெரிந்துகொண்டே தெரியாதவர் போல என்னிடம் கதைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வாங்க, ஒன்றாயிருந்து கேட்போம் என்றாரே. எனக்குத் தெரியும் என்ற அந்த ஒரு சொல்லை அன்றைக்கு நேராகச் சொல்லியிருந்தால் அந்தப் பொடியன் இன்று உயிரோடு இருப்பான். அவனுடைய சாவுக்கு யார் பொறுப்பு என்று நீங்கள்தான் யோசிக்கவேண்டும், மிஸ். அதையும் எழுதச் சொல்லுங்கள்.