டார்ச் அடித்து இருட்டைத் தேடினோம்

...பெரியவர்களே, "பயப்படாதே" என்று சொல்வது எவ்வளவு சுலபம்! இதற்கு ஒரு குட்டிக் கதை இருக்கிறது, சொல்லட்டுமா? எங்கள் விடுதியிலேயே நடந்தது. சிரிக்கலாம்... ஆனால் மெதுவாகச் சிரியுங்கள். கதையில் வருகிறவள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

முத்தரசி, ஆறாம் வகுப்பு. சாயங்காலம் ஆனால் தண்ணீர் குடிக்க மாட்டாள். உதடு காய்ந்தாலும் குடிக்க மாட்டாள். ஏன்? குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே! பாத்ரூம் எங்கே? பின்பக்கம், புங்கமரத்தைத் தாண்டி. அந்தப் பாதை விளக்கின் சுவிட்ச் எங்கே? பூட்டிய ஆபீஸ் அறைக்குள்!

நாங்கள் சும்மா இருந்தோமா? டார்ச்சோடு அவளைக் கூட்டிப்போனோம். மரத்து மேலே அடித்தோம், கீழே அடித்தோம். "பாருடி, ஒண்ணுமே இல்ல. எதுக்குடி பயம்?"

அவள் சொன்னாள்: "டார்ச் அடிச்சா இல்லக்கா. அணைச்சாதான் இருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வாரமே அவள் நீர்க்கடுப்பு வந்து துடித்தாள்... பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு நஸ்ரின் அக்கா ஒரு பெட்டி செய்தாள். இருட்டியதும் தானாக விளக்கைப் போடும் பெட்டி. அதன் மேலே வெளிச்சத்தைப் பார்க்கிற சின்னக் கண், அதுதான் சென்சார். கண்ணுக்கு இருட்டு தெரிந்தால் இரண்டு மூச்சு பொறுத்து உள்ளே இருக்கிற ரிலே 'டக்' என்று விளக்கைப் போடும். பகலில் சென்சார் மேல் டம்ளரைக் கவிழ்த்தோம்... டக்! எடுத்தோம், அணைந்தது. ஒரே கைதட்டல்!

சாயங்காலம் பின்பக்கச் சுவரில் மாட்டினோம். இருட்டியது. ரிலே... கம்மென்று இருந்தது.

"உங்க ரிலே தூங்கிடுச்சுக்கா," என்றாள் என் வகுப்பு ஸ்டெல்லா.

"வாய மூடு. கரண்ட் வருதா பாரு."

"வருது."

"ஒயர் எதாச்சும் விட்டுப்போச்சா?"

"இல்லக்கா. மூணு தடவ பாத்தாச்சு."

நஸ்ரின் அக்கா பெட்டியிலிருந்த திருகாணியை இப்படியும் அப்படியும் திருப்பினாள். டிரான்சிஸ்டரைக் கழற்றி வேறு மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவுக்கும் டார்ச் பிடித்தது யார்? முத்தரசி! இரண்டு கையாலும், பெட்டிக்கு நேராக. வெளிச்சம் கொஞ்சமும் விலகவில்லை. "ராசாத்தி மாதிரி பிடிக்கிறாடி!" என்று கொஞ்சினோம்.

அப்போது ராசாத்திக்குத் தும்மல் வந்தது. ஹச்... ஹச்... ஹச்! டார்ச் தரையைப் பார்த்தது... டக்! பாதை முழுக்க வெளிச்சம்! அவள் பதறிப்போய் டார்ச்சை மறுபடி பெட்டிமேல் அடித்தாள். விளக்கு அணைந்தது.

நஸ்ரின் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அட லூசுங்களா! இருட்டு தெரியுதான்னு அதுகிட்ட கேக்கறோம். கேக்கும்போதே மூஞ்சியில டார்ச் அடிக்கறோம். பாவம், அது என்னடி சொல்லும்?"

டார்ச்சை அணைத்தால் தீர்ந்தது. ஆனால் அணைக்க வேண்டியது யார்?

"நான் மாட்டேன்க்கா."

ஸ்டெல்லா பிடுங்கப் போனாள். "புடுங்காத. அவளே அணைக்கட்டும்," என்று சொல்லி நஸ்ரின் அக்கா தரையில் உட்கார்ந்தாள். "எனக்கும் இருட்டுன்னா பயம்தான்டி. வா, என் கையப் புடிச்சுக்கோ." நாங்களும் உட்கார்ந்தோம், ஒட்டி ஒட்டி.

முத்தரசி அணைத்தாள்.

இருட்டு... ரிலே பேசவில்லை. புங்கமரம் அசைந்தது.

"அக்கா..."

"இங்கதான் இருக்கேன்."

...டக்!

அம்மா, அப்பா, டீச்சர், எல்லோரையும்தான் கேட்கிறேன். ஒரு பிள்ளை "பயமாயிருக்கு" என்றால் நாம் என்ன செய்கிறோம்? "எங்கே, காட்டு" என்று டார்ச் அடிக்கிறோம். அந்த வெளிச்சத்தில் அவள் பயம் உங்களுக்குத் தெரியுமா? தெரியவே தெரியாது. டார்ச்சை அணையுங்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இருட்டிலேயே உட்காருங்கள். உடனே ஒன்றும் நடக்காது... கொஞ்சம் பொறுங்கள். அவளே சொல்வாள்.

வெளியே பாருங்கள், இருட்டிவிட்டது. முத்தரசி, உன் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டு... பார்த்தீர்களா? பாதி காலி!