கழலாத மூக்குத்தி

மோகனா: அசையாத புள்ள. பேசவும் செய்யாத.

புஷ்பா: பேசாம இருக்கணும்னா நீ வேற கூட்டாளியத்தான் புடிச்சிருக்கணும்.

மோகனா: பேசுனா மூக்கு ஆடுது லா. திருகாணி வழுக்கிக்கிட்டே போவுது.

புஷ்பா: எண்ணய ஊத்துனது யாரு? இது மூக்கா, சட்டியா? இன்னும் கொஞ்சம் ஊத்துனா வடையே சுட்டுடலாம்.

தனுஜா: அம்மா! பேக் எல்லாம் கார்ல வச்சாச்சு. சாயங்காலத்துக்குள்ள வார்டுல இருக்கணும். அத்த, மூக்குத்தி வந்துச்சா இல்லயா?

மோகனா: வரல தனுஜா. உங்கம்மா மூக்கோட சேந்து முளைச்சுக் கெடக்கு.

தனுஜா: நாளைக்குக் காலையில ஆபரேஷன். ஒடம்புல ஒரு நக இருக்கக் கூடாதுன்னு நர்ஸ் மிஸி கண்டிஷனா சொல்லிட்டாங்க. கழட்ட முடியலன்னா அங்கயே கட் பண்ணிடுவாங்களாம்.

புஷ்பா: நெஞ்சத்தான் வெட்டப் போறாங்களே... அது பத்தாதாமா?

தனுஜா: ஜோக் அடிக்காதீங்கம்மா.

மோகனா: ஏன் புள்ள, தாலியக் கழட்டி மஞ்சக் கயிறு மாத்திக்கிட்ட. ஒரு வார்த்த பேசல. இந்த ஒத்தக் கல்லுக்கு இப்படி அடம் புடிக்கிற?

புஷ்பா: தாலி நானா ஆசப்பட்டுக் கட்டிக்கிட்டது. இது என்னைக் கேக்காமயே மாட்டுனது.

தனுஜா: கேக்காமயா? யாரு மாட்டுனா?

புஷ்பா: இதோ நிக்கிறாளே, இவதான். இவ மூக்குத்தி லா இது.

தனுஜா: அத்தையோடதா? அத்தைக்கு மூக்கே குத்தலயே!

புஷ்பா: அதான் கத. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு கோலா சிலாங்கூர்லேருந்து பத்தர் வருவாரு. வயசுக்கு வந்த புள்ளைங்களுக்கு அம்மன் முன்னால மூக்கு குத்துவாரு. இவ அப்பா இராமையா மாமா பவுன்ல கல்லு வச்சு செஞ்சு வச்சிருந்தாரு. இவ முறை வந்துச்சு...

மோகனா: எனக்கு முன்னால ஒருத்தி கத்துன கத்து இருக்கே...

புஷ்பா: ஓடுனா பாரு! லோரிக்கு அடியில பூந்துக்கிட்டா. கால மட்டும் புடிச்சு இழுக்குறாங்க, வர மாட்டேங்குறா.

தனுஜா: அப்பறம்?

புஷ்பா: அம்மன் காலுல வச்ச மூக்குத்திய மாட்டாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதாம். அங்க சும்மா நின்னுக்கிட்டு கச்சான் கடல தின்னுக்கிட்டிருந்தது யாரு? நான். நாலு பேரு புடிச்சு உக்கார வச்சிட்டாங்க. வாயில கச்சான், மூக்குல ஊசி.

மோகனா: எங்கப்பா அன்னைக்கு என்னைத் திட்டல. இந்தப் புள்ள மூஞ்சிக்கு நல்லா இருக்குன்னுட்டாரு. அதுதான் எனக்குக் கோவம்.

புஷ்பா: எங்க மாமியா வைரத்துல வாங்கிக் குடுத்தாங்க. நான் மாத்தலயே. ஸ்ஸ்...

மோகனா: வலிக்குதா?

புஷ்பா: இல்ல... தும்மல் வர்ற மாதிரி இருந்துச்சு.

தனுஜா: கழண்டுடுச்சா அத்த?

மோகனா: எங்க... இன்னும் இல்ல. நீ போய் வேப்பங்குச்சி ஒன்னு ஒடிச்சுக்கிட்டு வா. மெல்லிசா. கழட்டுன ஒடனே சொருகணும், இல்லாட்டி ஓட்ட தூந்துடும்.

தனுஜா: சீக்கிரம் அத்த, பிளீஸ்.

மோகனா: போ, போ... ஆமா, டாக்டர் என்னா வைக்கப் போறாராம்?

புஷ்பா: புது வால்வு. மாட்டுல எடுத்து செய்றதாம். புரட்டாசி விரதம் முடியட்டும் டாக்டர்னேன். மனுசன் சிரிக்கவே இல்ல.

மோகனா: ஒன் வாய் இருக்கே...

புஷ்பா: அந்த வாய்க்கு ஒன்னும் ஆகாதாம். கேட்டுட்டேன்.

மோகனா: வந்த பொறவு ஜெராம் கடக்கரைக்குப் போவோம். மீனு சுட்டுத் தின்னுட்டு, அப்பிடியே கம்போங் குவாந்தான்ல படகு ஏறி மின்மினி பாப்போம்.

புஷ்பா: கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து சொல்ற.

மோகனா: பக்கத்துலதான இருக்கு, எப்ப வேணாலும் போவலாம்னு இருந்துட்டோம்.

புஷ்பா: ம்... எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இத நீயே எடுத்துக்க. ஒன் மூக்குத்திதான.

மோகனா: ஓட்ட இல்லாத மூக்குல எங்க மாட்டுறது?

புஷ்பா: குத்திக்க.

மோகனா: இந்த வயசுலயா? மறுபடியும் லோரிக்கு அடியிலதான் ஓடணும்.

புஷ்பா: இப்ப ஒன்னால குனியவே முடியாது.

மோகனா: அப்ப பேசாம நீயே போட்டுக்க. நீயே வந்து போட்டுக்க, தெரியுதா?

புஷ்பா: எதுக்கு கொரல் அப்பிடிப் போவுது?

மோகனா: எண்ண கண்ணுல பட்டுடுச்சு.

புஷ்பா: மூக்குல ஊத்துன எண்ண ஒன் கண்ணுல படுது. சரி சரி... தொடச்சுக்க.

தனுஜா: இந்தாங்க குச்சி. இன்னுமா வரல? போதும் விடுங்க அத்த. வார்டுலயே வெட்டிக்கட்டும். மூக்குத்தி போனா போவுது, வேற வாங்கிக்கலாம். நான் போய் கார ஸ்டார்ட் பண்றேன். ரெண்டு பேரும் எழுந்து வாங்க.

மோகனா: போயிட்டாளா?

புஷ்பா: போயிட்டா.

மோகனா: திட்டாத புள்ள. திருகாணி அப்பவே கழண்டுடுச்சு... அவள குச்சி ஒடிக்க அனுப்பறதுக்கு முன்னாலயே. என் உள்ளங்கையிலதான் இருக்கு. கழண்டுடுச்சுன்னு சொன்னா ஒடனே ஒன்னைய கூட்டிக்கிட்டுப் போயிடுவாளே...

புஷ்பா: மூக்கு என்னோடது லா. கழண்டது எனக்குத் தெரியாதா? ...அவ ஹாரன் அடிக்கட்டும். அதுவரைக்கும் கைய எடுக்காத, திருகிக்கிட்டே இரு.