ரவை ஏற்றிய வேகன்

“கசகசா போட்டா கோதுமை மாதிரி இல்லவே, ரவைதான் சரி.”

செம்பூர் போகும் லோக்கல் ரயிலில் இப்படிச் சொன்னவர், டிபன் டப்பாவைத் திறந்து நண்பரிடம் காட்டினார். உள்ளே, மாடல் ரயிலில் கோக்கும் குட்டித் தானிய வேகன். ஓரங்களில் துருப் படிந்தது போல வண்ணம் கூடத் தீட்டியிருந்தது.

“வெளிநாட்டுச் சரக்கா?”

“அது நமக்குக் கட்டுப்படியாகுமா? தாராவி பட்டறையில மிஞ்சுன பிளாஸ்டிக் ஷீட்ட வெட்டி நானே செஞ்சேன்.”

நண்பர் வேகனைத் தூக்கினார். அடியிலிருந்து ரவை அவர் மடியில் கொட்டியது.

“இதான்வே, அடிக்கதவு சரியா மூட மாட்டேங்கு. மல்லுக்கட்டிப் பாத்துட்டேன். பேசாம தூக்கிப் போட்டுரலாம்னு இருக்கு.”

நண்பர் மடியைத் தட்டவில்லை. வேகனைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கூட்ஸ் யார்டுல நிக்கிற வேகன் மட்டும் ஒழுகாமலா நிக்கி? இத அப்படியே விடும். அடியில பொறுக்கித் தின்ன ரெண்டு புறா மட்டும் செய்யும்.”