மாலை போட்ட மாசம் வந்த ஃபாரம்

ஞாயிறு காலை, குற்றாலம் போகும் டவுன் பஸ். முன் சீட்டில் கறிப்பையோடு இருந்த பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“ஆட்டுக்கறி நெஞ்சுக்கு ஆகாதுன்னு சொல்லுத ஆராய்ச்சியில நானும் இருக்கேன்லா.”

“நீங்களா அண்ணாச்சி?”

“ஒரு பொண்ணு ஃபாரத்தோட வந்தா. போன மாசம் எத்தனை நாள் கறி சாப்பிட்டீங்கன்னு கேட்டா. நான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். ஒரு நாளும் இல்லன்னேன். எழுதிக்கிட்டா.”

“உண்மைதான?”

“உண்மைதான். மத்த மாசத்தை அவ கேக்கவே இல்லயே. பொறவு எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். அந்த ஃபாரத்துப்படி, கீரை தின்னுதான் எனக்கு அடைச்சிருக்கு. இதை நம்பி நான் கறியை விடணுமாக்கும்?”

இறங்கும் இடம் நெருங்கியதும் காலடியில் வைத்திருந்த முருங்கைக்கீரைக் கட்டை எடுத்து, இலையை உருவிப் பையில் கறிக்கு மேல் பரப்பினார்.

“அது எதுக்கு அண்ணாச்சி?”

“வீட்டுல உள்ளவ கேள்வியெல்லாம் கேக்க மாட்டா. நேரா பையைத் தொறந்து பாப்பா.”