கண்ணை மூடினால் வேலி

கோப்பாயில் இருந்து பட்டணம் போகிற பஸ். கந்தசஷ்டி கடைசி நாள் என்றபடியால், சூரன்போர் பார்க்கப் போகிற சனம் நிறைந்திருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு மூன்று கடை போட்டவன். ஒரு ஆளின் மனதைக் குரலிலேயே பிடித்துவிடுவேன். முன் சீட்டில் ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபது வயது இருக்கும்.

“ஆறு நாளும் விரதம் இருந்திட்டன். கண்ணை மூடினால் முருகன் வரேல்லையப்பா. வேலிதான் வருது,” என்றார் புருசன்.

“எந்த வேலி?”

“எங்கடை வேலிதான். என்ரை தம்பி கதியால் தடியளை எங்கடை பக்கம் தள்ளி நட்ட வேலி.”

“பத்து வருசமாய் உங்களுக்கு அதுதானே சாமி. வேறை ஆர் வருவினம்?”

“பகிடி விடாதை. இண்டைக்கு விடிய கண்ணை மூடிக்கொண்டு அந்த வேலியை வடிவாய்ப் பார்த்தன். தம்பி அங்கை இல்லை. நான்தான் தனியக் காவல் நிக்கிறன்.”

கோப்பாய்ச் சந்தி தாண்டியதும் அவரே திரும்பவும் தொடங்கினார்.

“நாளைக்கு விடிய விரதம் முடிக்கிற பாறணைச் சோறு எத்தினை பேருக்கு?”

“எங்கள் ரெண்டு பேருக்கும்தான்.”

“தம்பி வீட்டுக்கும் சேர்த்துப் போடு.”

“முகம் பாராத ஆக்கள். ஆர் கூப்பிடுறது?”

“நான் வேலிக்கு மேலாலை கூப்பிடுறன்.”

“வேண்டாம். வாசல் படலையாலை போய்க் கூப்பிடுங்கோ.”

“அவன் நாயை அவிட்டு விட்டால்?”

“கடி வாங்கிக்கொண்டு கூப்பிடுங்கோ.”

“ஓம்,” என்றார் அவர்.