கணக்கில் வராத கட்டுரை

தரமணி ரயில் நிலையத்திலிருந்து எங்கள் நூலகத்துக்கு நடந்து வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். வந்ததும் கொஞ்ச நேரம் நான் யாரோடும் பேசுவதில்லை. பாஞ்சாலிக்கு அது தெரியும். அன்றும் நான் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை எதிரில் காத்திருந்தாள்.

அவள் எங்கள் நிறுவனத்தின் ஆய்வு மாணவி. வீடு கோட்டூர்புரத்தில், ஆற்றோரக் குடியிருப்பில். மாணவர்கள் கட்டுரை அனுப்பப்போகும் ஆய்விதழ், எந்தக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிவைக்கும் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதில் இல்லாத இதழில் வந்த கட்டுரை வராத மாதிரிதான். யார் தேடினாலும் கிடைக்காது.

"சார், இந்த ஜர்னல் லிஸ்ட்ல கீதா இல்லியான்னு பாருங்க. சீக்கிரம் போட்டுட்றோம்ன்றாங்க" என்று போனை நீட்டினாள்.

இதழின் பெயர் நல்ல பெயர். ஆனால் போனில் இருந்த இணையதளம் அந்த இதழுடையது அல்ல. பெயரையும் அட்டையையும் திருடி யாரோ நடத்தும் போலி. இவற்றைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்பார்கள். நான் பெயரை மட்டும் தரவுத்தளத்தில் தேடிக் காட்டினேன்.

"பேர் இருக்கும்மா."

இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். எங்கண்ணன் நாகராஜ் டெய்லி ஓட்டுது. 'இன்னா டாக்டரம்மா, நம்ம அடிபம்புக்கு எப்ப ஊசி போடப்போற'ன்னு."

அந்த அடிபம்புத் தண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறது என்பதுதான் அவள் கட்டுரை. நாகராஜின் மகளுக்கு நாலு வயது. இன்னும் பேச்சு வரவில்லை.

அதே தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று நான் ஆய்வாளனாக இருந்தபோது எழுதியிருக்கிறேன். வெயிலில் அலைய முடியாமல், மழை விட்டபின் போய் மாதிரி எடுத்தேன். மழைநீர் கலந்து ஈயம் குறைவாகக் காட்டியிருக்கலாம் என்று பாஞ்சாலி மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் மற்றவர்கள் மேற்கோள் காட்டும்படி நான் எழுதியது அந்த ஒன்றுதான். தினமும் காலையில் அதன் மேற்கோள் எண்ணிக்கையைத் தரவுத்தளத்தில் பார்ப்பேன். மதியம் மொழிபெயர்ப்பு நாவல் எதையாவது பிரித்துவைத்துக்கொண்டு வெளியே பனி விழுவதாக நினைத்துக்கொள்வேன். எனக்கு வேறு ஒன்றும் கிடையாது.

கட்டுரை போலி இதழில் வந்தது. ஒருமுறை வெளியானதை வேறு இதழ் எதுவும் வாங்காது. பிறகு, அடிபம்புகளை மூடிவிட்டுக் குழாய் இணைப்பு தரலாமா என்று முடிவு செய்ய ஓர் அதிகாரி எங்களிடம் வந்தார். ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டார். அவர் முன்னால்தான் தேடினேன். என் கட்டுரை மட்டும் வந்தது.

"இத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. அப்புறம் என்ன சார்" என்றார்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். பம்புகள் இன்றும் இருக்கின்றன.

போலி இதழில் வந்த கட்டுரை செல்லாது என்று பாஞ்சாலியின் ஆய்வேடு திரும்பி வந்த அன்று அவள் என் மேசைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"பேரு இருந்துச்சே சார்."

"இருந்துச்சும்மா. குழந்தை எப்படி இருக்கு?"

"அப்டியேதான் கீது. தண்ணி வேணும்னா கை காட்டுது."

விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். போலி என்று தெரிந்துதான் அவளை அதற்கு அனுப்பவிட்டேன். அவள் கட்டுரை யார் கண்ணிலும் படக் கூடாது என்றுதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒன்றை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் என்னை மேற்கோள் காட்டியிருந்தாள். பாராட்டா மறுப்பா என்று தரவுத்தளம் பார்ப்பதில்லை, எண்ணிக்கொள்ளும். நல்ல இதழில் வந்திருந்தால் என் கணக்கில் ஒன்று கூடியிருக்கும். நானும்தான் இழந்திருக்கிறேன்.