ஓய்வுபெற அனுமதிக்கப்படாத மண்டல அலுவலர் சாஜிதா பேகம் அவர்களுக்கு

விதிக்கு வளைந்தும் மிரட்டலுக்கு வளையாதவரே! கட்டுக் கட்டாய்க் குவிந்த கோப்புகளுக்குள்ளே கடைக்கோடி மனிதரின் குரலைக் கேட்டவரே! எண்மச் சேவை முறைப்படுத்தும் வாரியத்தின் தாம்பரம் மண்டலக் குறைதீர் பிரிவை ஏழாண்டு கட்டிக்காத்த எங்கள் மேடம் அவர்களே, வணக்கம்.

இந்த மடலை முதலில் எழுதியபோது ‘இனிதே ஓய்வுபெறும்’ என்றுதான் தொடங்கியிருந்தோம். பொன்னிற எழுத்தில் அச்சடித்து, சண்முகம் சாலையில் சேட்டு கடையில் கண்ணாடிச் சட்டமும் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை நாலே காலுக்குத் தலைமையகத்திலிருந்து ஒற்றைத் தாள் வந்தது. ‘விசாரணை நிலுவையில் உள்ளதால் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார், ஓய்வுபெற அனுமதிக்கப்படவில்லை’ என்றது அந்தத் தாள். முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு முடிய ஒன்றரை மணி நேரம் இருந்தபோது அதைக் கொண்டுவந்து நீட்டினார்கள். கூட்ட அறையையும் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை, சேலையூர் கேம்ப் ரோட்டில், பிரியாணிக் கடை மாடியில் கூடியிருக்கிறோம். பழைய மடலை உருவிப் போட்டுவிட்டு அதே சட்டத்தில் இதை வைத்திருக்கிறோம்.

நேரே தங்களைப் பார்த்து வாசித்தால், ‘போதும் பிரிட்டோ, உட்காருங்க’ என்று பாதியிலேயே நிறுத்திவிடுவீர்கள். ஆகவே அவையோரைப் பார்த்துச் சொல்கிறோம். இனிச் சற்று நேரம் தாங்கள் எங்களுக்கு ‘அவர்’.

அவர் அரசுப் பணியில் சேர்ந்தது முத்திரை ஆய்வாளராக. கடை கடையாய் ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதிக்கும் வேலை. தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் விரலால் ஒரு தடவு தடவியே கண்டுபிடித்துவிடுவார். பல்லாவரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த தன் அத்தா ஜமாலின் தராசுக்கே முத்திரை காலாவதி என்று நோட்டீஸ் கொடுத்தவர் அவர். அன்று வீட்டில் சோறு கிடைத்ததா என்று கேட்டால் இன்றைக்கும் சிரித்து மழுப்பிவிடுவார்.

எண்மச் சேவைகளுக்கென்று வாரியம் பிறந்தபோது அவரை இங்கே அனுப்பினார்கள். கைபேசியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று முதல் நாள் எங்களிடமே கேட்டார். ஒரே மாதத்தில், தராசு மாறியிருக்கிறதே தவிரப் புளி அப்படியேதான் இருக்கிறது என்றார்.

‘கூடவே’ செயலி யாருடைய கைபேசியில் இல்லை? கடையில் பணம் கொடுக்க அது, மருந்து வாங்க அது, பள்ளிக்கூடத்து அறிவிப்பு வர அது. கடல் கடந்த பெருநிறுவனம் ஒன்று ஓசியில் கொடுத்து, ஊரையே பழக்கிவிட்டது. பிறகு ஒரு நாள் காலையில் எல்லார் திரையிலும் முப்பத்தொரு பக்க அறிவிப்பு ஒன்று வந்து நின்றது. அதன் கீழே ஒரே ஒரு பொத்தான். அதில் ‘சரி’ என்று இருந்தது. அதை அழுத்தாமல் அடுத்த வேலை ஓடாது. அழுத்தியவர்கள் தாங்கள் எதை வாங்குகிறார்கள், எங்கே போகிறார்கள் என்ற விவரத்தையெல்லாம் வேறு நிறுவனங்களுக்கு விற்கச் சம்மதித்ததாகக் கணக்கு.

மாவுக்கடை அஞ்சம்மாளும் அழுத்தினார். இரண்டு மாதம் கழித்து மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனபோது, உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது, பாலிசி கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. பக்கத்து வீட்டு ரூக்சாருக்கு நடக்க முடியாது என்று மாதாமாதம் இந்தச் செயலியில் சர்க்கரை மாத்திரை வாங்கிக் கொடுத்த புண்ணியம் அப்படி வந்து விடிந்தது. அந்தப் புகாரோடுதான் அஞ்சம்மாள் எங்கள் படியேறினார்.

விசாரணை நாளன்று நிறுவனத்தின் சார்பில் வழக்கறிஞர் பிரணவ் வந்தார். நம்மூரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நல்ல தமிழ் பேசுவார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் ‘சரி’ என்று அழுத்தியிருக்கிறார்கள், இதைவிடச் சம்மதம் வேறென்ன வேண்டும் என்று வாதாடினார். அஞ்சம்மாள் எழுந்தார்.

“இன்னா சார் இது. ஒருத்தர் பேசிக்கினே இருந்தா சரி, சரின்னு சொல்றதில்லையா? காதுல வாங்கிக்கினேன்னு அர்த்தம். எடுத்துக்கினு போன்னா சொன்னேன்?”

எங்கள் ‘அவர்’ அஞ்சம்மாளை உட்காரச் சொன்னார். வழக்கறிஞரிடம் திரும்பி, நடைமுறையை விளக்கத் தொடங்கினார். சுருக்கெழுத்தர் சுகுமார் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“எழுத்துப்பூர்வமா பதில் தரணும்.”

“சரி மேடம்.”

“பக்க எண் போட்டுத் தரணும்.”

“சரி மேடம்.”

“அந்த அறிவிப்பை நிறுவனம் வாபஸ் வாங்கிக்கும்.”

“சரி மேடம்.”

“சுகுமார், நிறுவனம் ஒப்புக்கொண்டதுன்னு குறிச்சுக்கோங்க.”

பிரணவ் துள்ளி எழுந்தார். “மேடம், நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்னுதான் சரி சொன்னேன். ஒத்துக்கிறேன்னு சொல்லவே இல்லை.”

“அதையும் அப்படியே குறிச்சுக்கோங்க சுகுமார். முன்னாடி எழுதினதை அடிச்சிடுங்க.”

“நானும் அத்தத்தானே சொல்லிக்கினு கீறேன்” என்றார் அஞ்சம்மாள். பிரணவே சிரித்துவிட்டார்.

மறுவாரம் அவருடைய ஆணை வந்தது. தமிழில் ‘சரி’ என்பது கேட்டுக்கொண்டதற்கு அடையாளமே ஒழியக் கொடுத்ததற்கு அடையாளமாகாது; ‘சம்மதிக்கிறேன்’ என்று ஒரு பொத்தானும், அதே அளவில் ‘சம்மதமில்லை’ என்று இன்னொன்றும் வைக்கும்வரை தமிழ் பேசுவோரின் விவரம் எதையும் விற்கக் கூடாது. ஒன்றரைப் பக்க ஆணைதான். அதைப் பார்த்து மற்ற மொழிக்காரர்களும் தங்கள் மொழியில் அந்தப் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பங்குச் சந்தைக்குக் காய்ச்சல் கண்டது. நிறுவனத்தின் பங்கு இரண்டே நாளில் சரிந்தது. ‘ஒரு பெண் அதிகாரியால் முதலீட்டாளர்கள் பரிதவிப்பு’ என்று தொலைக்காட்சியில் கோட் போட்டவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். அஞ்சம்மாளின் பாலிசி போனபோது பரிதவிக்க ஒரு நாதி இல்லை. தேர்தலின்போது தாம்பரத்து மேடையில் இதே நிறுவனத்தைக் கிழி கிழியென்று கிழித்த இரண்டு கட்சிக்காரர்களும், மறைமலை நகர்ப் பக்கம் அது கட்டப்போகும் தரவு மையத்தின் அடிக்கல் விழாவில் ஒரே சோபாவில் அமர்ந்து ஒரே முந்திரி பக்கோடாவைத் தின்றார்கள். எங்களுக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. கண்காணிக்க வேண்டிய வாரியமோ, கண்காணிக்கப்பட வேண்டியவனுக்கே கைகட்டி நின்றது. ஆணையை விழாவுக்கு மறுநாளே நிறுத்திவைத்தது. நிறுத்தியதை எதிர்த்து அஞ்சம்மாள் தீர்ப்பாயத்துக்குப் போனார். விசாரணை வரும் வியாழக்கிழமை.

அந்த வியாழக்கிழமைக்குள் ஆணை பிறப்பித்தவரின் வாயாலேயே அது தவறு என்று சொல்ல வைக்க வேண்டும். அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தலைமையகத்திலிருந்து வாரியத் தலைவரே தொலைபேசியில் அழைத்தார். வழியனுப்பு விழாவுக்காக அறைக்குள் கூடியிருந்த எங்கள் முன்னாலேயே ஒலிபெருக்கியைப் போட்டு அவர் பேசினார். நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

“ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க மேடம். விசாரணையில பிழை நடந்துபோச்சுன்னு. நாலு மணிக்கு நானே வந்து மாலை போட்டு அனுப்பிவைக்கிறேன்.”

அவர் மேசையில் அன்று காலையே ஓய்வூதியப் படிவங்கள் கையெழுத்தாகி இருந்தன. மகள் சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்தாள். அடுத்த மாதம் இருவரும் மக்காவுக்கு உம்ரா பயணம் போவதாய் ஏற்பாடு. தற்காலிகப் பணிநீக்கம் என்றால் கடவுச்சீட்டுக்குத் தடையில்லாச் சான்றுகூட இவர்கள்தான் தர வேண்டும் என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஒரு நிமிடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயமாகத்தான் இருந்தது என்று பிறகு எங்களிடம் மறைக்காமல் சொன்னார்.

“பிழை நடக்கலை சார். நடக்காததை எப்படி எழுதுறது? மாலையை நீங்களே வெச்சுக்கோங்க” என்றார்.

நாலே காலுக்கு அந்தத் தாள் வந்தது. அதோடு குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் வந்தது. அதை அவர் நின்றபடியே படித்தார். ஓரிடத்தில் நின்று மறுபடி படித்தார். பிறகு உரக்கவே படித்தார்: ‘வழக்கறிஞர் வெறுமனே கேட்டுக்கொண்டதன் அடையாளமாகக் கூறிய சரி என்ற சொல்லை, அது ஒப்புதல் ஆகாது என்பதை நன்கறிந்தும், ஒப்புதலாகப் பதிவுசெய்யப் பணித்தார்.’ கீழே வாரியத் தலைவரின் கையெழுத்து, தேதி, முத்திரை.

அடித்துவிட்ட வரியை எடுத்து வைத்துக்கொண்டு குற்றம் சாட்டிய அவசரத்தில், அவருடைய ஆணை சரியென்று வாரியத் தலைவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இந்த மேதாவித்தனத்துக்குத்தான் அவருக்குக் காரும் கொடிக்கம்பமும்.

“இது எனக்கு வந்த கடுதாசிதானே பிரிட்டோ? என் இஷ்டத்துக்கு யாருக்கு வேணும்னாலும் காட்டலாம்ல?”

“காட்டலாம் மேடம்.”

“அஞ்சம்மாவுக்கு ரெண்டு நகல் எடுத்துக் குடுங்க. வியாழக்கிழமை அவங்க வக்கீலுக்கு உதவும்.”

தன்மேல் விழுந்த பழியைத் தானே நகலெடுத்து ஒரு மாவுக்கடைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தவரை வேறெந்த அலுவலகத்திலும் பார்த்திருக்க மாட்டீர்கள். வாசலில் மேளம் இல்லை, மாலை இல்லை. ஓட்டுநர் விக்கிகூட அழுதுவிட்டார்.

மேடம் அவர்களே, மீண்டும் தங்களிடமே வருகிறோம். ‘நூறாண்டு வாழ்க’ என்று பொத்தாம்பொதுவாய் வாழ்த்த இன்று எங்களுக்கு மனமில்லை. தங்கள் மீதான விசாரணை எத்தனை ஆண்டு இழுக்குமோ அத்தனை ஆண்டும், அது முடிந்த பிறகு இன்னும் முப்பத்தைந்து ஆண்டும் வாழுங்கள். தீர்ப்பாயத்தின் படியையும் அதற்கு மேலுள்ள மன்றங்களின் படியையும் பிடிமானமில்லாமல் ஏறுகிற முழங்காலும், அங்கே எழுதிக்கொடுப்பதைக் கண்ணாடியில்லாமல் படிக்கிற கண்ணும் தங்களுக்கு வாய்க்கட்டும். மகளோடு உம்ராவுக்குப் போய் வாருங்கள். அங்கே இறைவனிடம் எங்களுக்காகவும் கேளுங்கள், அவர்களை மன்னிக்கும்படி மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இத்தகைய மடல்களின் கீழே ‘அலுவலர்கள் மற்றும் பணியாளர்கள்’ என்று போடுவதுதான் வழக்கம். எவர் தலைக்கும் ஆபத்தில்லாத கையெழுத்து அது. இந்த விழாவுக்கு வருகிறவர்கள் பட்டியலை நாளைக் காலைக்குள் அனுப்பும்படி தலைமையகம் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறது. அவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

இப்படிக்கு,

ம. பிரிட்டோ, உதவியாளர்
கோ. சுகுமார், சுருக்கெழுத்தர்
ஆஃபியா சுல்தானா, இளநிலை உதவியாளர்
ச. விக்கி, ஓட்டுநர்
ர. ஸ்நேகா, தரவு உள்ளீட்டாளர், ஒப்பந்தப் பணி. வேண்டாமென்று நாங்கள் தடுத்தும் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்திட்டவர்

நகல்: வாரியத் தலைவர் அவர்களுக்கு, தகவலுக்காகப் பணிந்தனுப்பப்படுகிறது.